பழைய ஆங்கில வினைச்சொற்களை விகுதி பார்த்துப் படிப்பது எப்படி

'கமெத்', 'கோஎஸ்ட்', 'ஹாத்', 'டத்' என்று பழைய ஆங்கிலத்தில் வரும் வினைச்சொற்களைக் கண்டு மற்றவர்கள் மிரளலாம். தமிழ் படித்தவர்கள் மிரள வேண்டியதில்லை. வினைமுற்றின் கடைசி எழுத்தைப் பார்த்து, செயலைச் செய்தது யார் என்று சொல்லும் பழக்கம் நமக்குப் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது: எழுவாயை எடுத்துவிட்டாலும் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஆங்கிலமும் அந்த வேலையைத்தான் செய்தது. 'எஸ்ட்' என்று முடிந்தால் முன்னிலை ஒருமை, நம்முடைய 'ஆய்'. 'எத்' என்று முடிந்தால் படர்க்கை ஒருமை, நம்முடைய 'ஆன், ஆள், அது' மூன்றும் சேர்ந்தது. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

நான் பாம்பனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி முடிந்து மாலையில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். தங்கச்சிமடத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பெண்களும் வருகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் இந்தச் சொற்களோடு ஏற்கெனவே பழக்கம் உண்டு. கோயிலில் ஆங்கிலத்தில் செபமாலை சொல்லும்போது 'பிளெஸ்ஸட் ஆர்ட் தௌ அமங் விமென்' என்று நாள்தோறும் சொல்கிறார்கள். சொல்வது என்ன என்பதுதான் தெரிவதில்லை. ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், மாதா செபத்தில் கலை எங்கிருந்து வந்தது?" கேட்கவேண்டிய கேள்விதான். அந்த 'ஆர்ட்' கலை அல்ல. 'ஆர்' என்ற வினையின் முன்னிலை ஒருமை வடிவம். 'தௌ ஆர்ட்' என்றால் 'நீ இருக்கிறாய்'.

அவளுக்கு அது பிடிபடாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் அந்த வரி 'பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே' என்று வருகிறது. அதில் 'ஆர்ட்' என்பதற்கு ஈடான வினையே இல்லை. 'அவர் மீனவர்', 'இது பாம்பன்' என்று பெயரை வைத்தே வாக்கியத்தை முடித்துவிடுவது தமிழின் இயல்பு. ஆங்கிலத்துக்கு நடுவில் ஒரு வினை கட்டாயம் வேண்டும். ஆகவே 'ஆர்ட்' வரும் இடங்களில் தமிழ் வரியோடு சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்காதீர்கள். 'தௌ' பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது வினை.

இங்கேயே 'தௌ' பற்றியும் பேசிவிடவேண்டும். அது தெரியாமல் 'எஸ்ட்' விளங்காது. 'தௌ' என்றால் 'நீ'. 'தீ' என்றால் 'உன்னை' அல்லது 'உனக்கு'. 'தை', 'தைன்' இரண்டும் 'உன்னுடைய'. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் பெரும்பாலும் 'தைன்' வரும். பன்மையில் எழுவாய்க்கு 'யீ', செயப்படுபொருளுக்கு 'யூ'. இன்று எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் 'யூ' ஒரு காலத்தில் 'உங்களை' என்ற ஒரு மூலையில் மட்டும் இருந்த சொல்.

'தௌ' மரியாதைச் சொல் என்று நினைப்பவர்கள் மிகப் பலர். செபத்தில் கடவுளுக்கு வருவதால் அப்படித் தோன்றுகிறது. உண்மை நேர் எதிரானது. அது 'நீ'தான். பிள்ளைக்கும் நண்பனுக்கும் வேலையாளுக்கும் கடவுளுக்கும் உரியது. பெரியவர்களுக்கும் அரசருக்கும் 'யூ', அதாவது 'நீங்கள்'. 1603ஆம் ஆண்டு சர் வால்டர் ராலே மீது நடந்த தேசத்துரோக வழக்கில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், வேண்டுமென்றே ராலேயை 'தௌ' என்று அழைத்தார். 'துரோகி, உன்னை ஒருமையில்தான் அழைக்கிறேன்' என்று அதை வாய்விட்டும் சொன்னார். 'அதிகாரி ஒருமையில் பேசினார்' என்று நம் செய்தித்தாள்களில் வருகிறதே, அதே அவமதிப்பு. கடவுளை 'நீ' என்பதும் நமக்குப் புதிதல்ல. இராமேசுவரத்துக்குப் பதிகம் பாடிய அப்பர், தேவாரத்தில் சிவனை 'நீ' என்று உரிமையோடு விளிக்கிறார். தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் கடவுளுக்கு 'நீர்' என்று வைத்தார்கள். அதனால் நம் கிறிஸ்தவப் பிள்ளைகள் 'தௌ' என்பதை 'நீர்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். செபத்தில் அது பொருந்தும். நாடகத்தில் பொருந்தாது. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் சேவகன் அரசனைப் பார்த்து 'தௌ' என்று பேசும்படி எழுதாதீர்கள். அந்தக் காலத்தில் அப்படிப் பேசியிருந்தால் அவனுக்கு வேலை போயிருக்கும்.

இனி ஒரு வாக்கியத்தை எடுத்து விரல் வைத்துப் படிப்போம். 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் விவிலியத்தில், யோவான் மூன்றாம் அதிகாரம் எட்டாம் வசனம். இந்தக் கரையில் காற்றைப் பற்றித் தெரியாத வீடு இல்லை. வாடை எப்போது தொடங்கும், கச்சான் எப்போது ஓயும் என்பதில் அன்றாடச் சோறு இருக்கிறது. அதனால் நான் எப்போதும் இந்த வசனத்தில்தான் தொடங்குகிறேன். 'த விண்ட் ப்ளோஎத் வேர் இட் லிஸ்டெத், அண்ட் தௌ ஹியரெஸ்ட் த சவுண்ட் தேரஆஃப், பட் கேன்ஸ்ட் நாட் டெல் வென்ஸ் இட் கமெத், அண்ட் விதர் இட் கோஎத்.'

முதலில் வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். 'ப்ளோஎத்': 'எத்' இருக்கிறது, ஆகவே படர்க்கை ஒருமை, வீசுவது காற்று, 'வீசுகிறது'. 'லிஸ்டெத்': இதுவும் 'எத்', விரும்புகிறது. இந்த 'லிஸ்ட்' பட்டியல் அல்ல, விரும்புதல் என்று பொருள்படும் பழைய வினை. ஊக்கமில்லாதவனை இன்றும் 'லிஸ்ட்லெஸ்' என்கிறார்களே, அதற்குள் இருப்பது இந்தச் சொல்தான். அடுத்தது 'ஹியரெஸ்ட்'. இங்கே விகுதி மாறிவிட்டது, 'எஸ்ட்' வந்தவுடன் ஆளும் மாற வேண்டும், முன்னால் 'தௌ' நிற்கிறது, 'நீ கேட்கிறாய்'. பிறகு 'கேன்ஸ்ட்'. இதற்கு முன்னால் 'தௌ' இல்லை. ஆனால் 'ஸ்ட்' என்ற முடிவே 'நீ' என்று சொல்லிவிடுகிறது. 'உன்னால் முடிகிறது', பின்னால் 'நாட்' வருவதால் 'முடியவில்லை'. தமிழில் 'கேட்கிறாய், ஆனால் அறியமாட்டாய்' என்று இரண்டாவது முறை 'நீ' சொல்லாமலே விடுகிறோம் அல்லவா? விகுதி இருக்கும் மொழிக்கு அந்தச் சலுகை உண்டு. கடைசியில் 'கமெத்', 'கோஎத்': வருகிறது, போகிறது. மீண்டும் காற்று. 'வென்ஸ்' என்றால் எங்கிருந்து, 'விதர்' என்றால் எங்கு நோக்கி. ஆறு வினைகள், நான்கு காற்றுக்கு, இரண்டு உனக்கு. எழுவாயைத் தேடி அலையாமல் விகுதியை வைத்தே பிரித்துவிட்டோம்.

இப்படி ஒரு வாக்கியத்தைப் பிரித்துவிட்டால், அடுத்த வாக்கியத்தில் பிள்ளைகளே முன்னால் ஓடுகிறார்கள். அதற்கு எளிய கைவேலை ஒன்று உண்டு. ஈ, டி, எச் என்ற கடைசி மூன்று எழுத்துகளை விரலால் மறைத்து அங்கே ஒரு 'எஸ்' போடுங்கள். 'கமெத்' இருந்த இடத்தில் 'கம்ஸ்' வரும். பொருளில் ஓர் இழையும் மாறாது. ஷேக்ஸ்பியரே இதற்குச் சாட்சி. 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் இரக்கத்தைப் பற்றிப் போர்ஷியா பேசும் பேச்சில், இரக்கம் மழைபோல் 'டிராப்பெத்' என்கிறாள்; கொடுப்பவனையும் பெறுபவனையும் அது 'பிளெஸ்ஸெத்' என்கிறாள். அந்தக் கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் அதே வரியில் அவள் சொல்லும் வினைகள் 'கிவ்ஸ்', 'டேக்ஸ்'. பழைய விகுதியும் புதிய விகுதியும் ஒரே வரியில் அருகருகே. 'எஸ்' வடக்கு இங்கிலாந்துப் பேச்சிலிருந்து தெற்கே இறங்கி வந்தது, 'எத்' தெற்கத்தியது. 1600 வாக்கில் பேச்சில் 'எஸ்' வென்றுகொண்டிருந்தது. செய்யுளில் ஓர் அசை கூடுதலாக வேண்டுமென்றால் கவிஞர் 'எத்' எடுத்துக்கொள்வார், வேண்டாமென்றால் 'எஸ்'. விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் பழைய கம்பீரத்தை விடாமல் 'எத்' என்றே வைத்துக்கொண்டார்கள்.

'ஹாத்' என்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். அது 'ஹேட்' என்ற இறந்தகாலம் அல்ல. 'ஹேஸ்' என்பதன் பழைய வடிவம். யோபு தன் மக்களையும் சொத்தையும் இழந்தபின் சொல்லும் வரியைப் பாருங்கள்: 'த லார்ட் கேவ், அண்ட் த லார்ட் ஹாத் டேக்கன் அவே'. நம் ஊர்களில் அடக்கத்தின்போது எத்தனையோ முறை காதில் விழும் வார்த்தை இது; கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் இதைக் கேட்கும்போது நெஞ்சு கனத்துவிடும். இலக்கணமாகப் பார்த்தால், 'கேவ்' இறந்தகாலம். அதில் விகுதி ஏதும் இல்லை. 'ஹாத் டேக்கன்' என்றால் 'எடுத்துக்கொண்டிருக்கிறார்'. முடிந்த செயல், ஆனால் விளைவு இன்னும் நிற்கிறது. கொடுத்தது என்றோ நடந்தது, எடுத்துக்கொண்டதன் வலி இப்போதும் இருக்கிறது என்ற வேறுபாட்டை அந்த இரண்டு வினைகளும் தாங்குகின்றன. 'ஹாத்' என்பதை 'ஹேட்' என்று படித்தால் அந்த வலி வாக்கியத்திலிருந்து போய்விடும்.

அதிலிருந்தே ஒரு விதி கிடைக்கிறது: 'எத்' நிகழ்காலத்துக்கு மட்டும். இறந்தகாலத்தில் 'அவன்' என்ற எழுவாய்க்கு விகுதி கிடையாது. 'தௌ' மட்டும் இறந்தகாலத்திலும் தன் விகுதியை விடாது: 'தௌ டிட்ஸ்ட்' என்றால் நீ செய்தாய், 'தௌ ஹேட்ஸ்ட்' என்றால் உன்னிடம் இருந்தது, 'தௌ கேமெஸ்ட்' என்றால் நீ வந்தாய். 'நீ இருந்தாய்' என்பதற்கு 'தௌ வாஸ்ட்'. சிலர் 'தௌ வெர்ட்' என்றும் எழுதினார்கள். 'ஷால்ட்', 'வில்ட்' இரண்டிலும் 'டி' ஒன்றே விகுதியாக நிற்கிறது. பத்துக் கட்டளைகளில் 'தௌ ஷால்ட் நாட் ஸ்டீல்' என்பது 'நீ திருடாதிருப்பாயாக'. 'வில்ட்' என்பதைப் பயிர் வாடுவதோடு சேர்த்துவிடாதீர்கள். பக்கத்தில் 'தௌ' இருந்தால் அது 'நீ செய்வாய், நீ விரும்புகிறாய்'.

'எத்', 'எஸ்ட்' என்று முடிவதெல்லாம் வினையும் அல்ல. 'ட்வென்டியெத்' என்பது இருபதாவது. 'கிரேட்டஸ்ட்' என்பது மிகப் பெரிய. 'க்வோத்' என்றொரு சொல் வரும். அது 'எத்' விகுதி பெற்றதல்ல, 'சொன்னான்' என்ற இறந்தகால வினை. எப்போதும் ஆளுக்கு முன்னால் நிற்கும், 'க்வோத் ஹி' என்று.

'மீதிங்க்ஸ்' என்ற சொல்லைத் தமிழர்கள் போல வேறு யாரும் எளிதாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. 'மீ' என்று தொடங்குகிறது, 'ஐ' என்று அல்ல. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இங்கே இடறுவார்கள். 'நான் நினைக்கிறேன்' என்றால் 'ஐ' தானே வர வேண்டும்? ஆனால் இதில் உள்ள 'திங்க்' நினைப்பதல்ல. தோன்றுதல் என்று பொருள்பட்ட வேறொரு பழைய வினை. பிற்காலத்தில் இரண்டும் ஒலியில் ஒன்றாகிவிட்டன. ஆகவே 'மீதிங்க்ஸ்' என்றால் 'எனக்குத் தோன்றுகிறது'. 'எனக்கு' நான்காம் வேற்றுமை, தோன்றுவது எழுவாய் இல்லாமல் தானாக நிகழ்கிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரிகிறது என்று நாள் முழுவதும் பேசுகிற நமக்கு இதில் விளக்கவே ஒன்றுமில்லை. இறந்தகாலம் 'மீதாட்', எனக்குத் தோன்றியது.

விகுதி வர வேண்டிய இடத்தில் வராமல் இருப்பதும் ஒரு செய்தி. பரலோக மந்திரத்தில் 'தை கிங்டம் கம்' என்கிறோம். ஆட்சி என்பது படர்க்கை ஒருமை. 'கமெத்' என்றோ 'கம்ஸ்' என்றோ அல்லவா இருக்க வேண்டும்? அங்கே வருகிறது என்று தகவல் சொல்லவில்லை, வரட்டும் என்று வேண்டுகிறோம். நம் வியங்கோள் வினைமுற்றுதான் இது: 'உம்முடைய ஆட்சி வருக'. அடுத்த வரி 'தை வில் பி டன்' என்பதும் அப்படியே. வாழ்க, வளர்க, ஒழிக என்று மேடையில் நாம் முழங்கும் அந்த 'க' ஆங்கிலத்தில் விகுதியை நீக்குவதால் கிடைக்கிறது. 'இஃப்' என்ற ஐயத்துக்குப் பின்னாலும் இப்படி விகுதி உதிர்வது உண்டு: 'இஃப் தௌ ஆர்ட்' என்ற இடத்தில் 'இஃப் தௌ பி' என்று பார்த்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

கேள்வியும் எதிர்மறையும் 'டு' துணையின்றி வரும். 'வென்ஸ் கமெஸ்ட் தௌ' என்றால் எங்கிருந்து வருகிறாய். 'ஐ நோ நாட்' என்றால் எனக்குத் தெரியாது. 'வேர்ஃபோர்' என்பது 'எங்கே' அல்ல, 'ஏன்'. மாடத்தில் நிற்கும் ஜூலியட் 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று கேட்பது, ரோமியோ எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடி அல்ல. பகைக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய ரோமியோவாக நீ ஏன் இருக்கிறாய் என்று கேட்கிறாள். கையை நெற்றியில் வைத்துத் தூரத்தைப் பார்த்து நடிக்கும் பிள்ளைகளை நான் உடனே நிறுத்திவிடுவேன். அந்தக் காட்சியின் துயரமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நீங்களே எழுத வேண்டி வந்தால், நாடகத்துக்கோ திருவிழா வாசகத்துக்கோ, சில கவனங்கள். 'ஐ', 'வி', 'தே' என்ற எழுவாய்களுக்கு 'எத்' கிடையாது. 'ஹி காஸ்டெத் த நெட்' என்றால் அவர் வலை வீசுகிறார். பல மீனவர்கள் வீசினால் 'தே காஸ்ட்' மட்டுமே. ஒரு வினைத்தொடரில் விகுதி ஒரே இடத்தில்தான் ஏறும்: 'டத் கோ' சரி, 'டத் கோஎத்' தவறு, 'வந்தான்' என்பதற்குமேல் இன்னோர் 'ஆன்' போடமாட்டோம் அல்லவா. சொல் 'ஈ' எழுத்தில் முடிந்தால் 'டி, எச்' மட்டும் சேர்த்தால் போதும். மெய்யெழுத்தை அடுத்துக் கடைசியில் வரும் 'வொய்' எழுத்து 'ஐ' ஆகும், 'கிரை' என்பது 'கிரையெத்' ஆவதுபோல. 'செய்கிறான்' என்ற முழுவினைக்குப் பெரும்பாலும் 'டூஎத்', துணைவினைக்கு 'டத்'. எல்லா வினையிலும் 'எத்' தூவினால் பழமை வந்துவிடாது, பிழைதான் வரும்.

வாசிக்கும்போது 'எத்' தனி அசையாக ஒலிக்கட்டும், ஆனால் அழுத்தம் முன்னால் உள்ள சொல்லில் இருக்கட்டும். 'டத்' என்பதை 'நத்திங்' என்பதன் முற்பகுதிபோல ஒலியுங்கள், 'டோத்' அல்ல. 'டு' என்ற வினை 'தௌ'வோடு வரும்போது ஆகும் 'டஸ்ட்', தூசியைக் குறிக்கும் சொல்லின் ஒலியேதான். 'சே' என்ற வினையோடு 'ஐ, டி, எச்' சேர்த்து எழுதும் சொல்லை 'செத்' என்று குறுக்கிச் சொல்வதே மரபு. வாசகம் முடிந்து 'செத் த லார்ட்' என்று வரும் இடத்தில் 'சேயித்' என்று இழுக்காதீர்கள்.

பயிற்சிக்கு 107ஆம் திருப்பாடல், 23 முதல் 30 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலேறிப் பெருங்கடலில் தொழில் செய்வோரைப் பற்றியது. வடகடலோ தென்கடலோ, இங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வினைகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அவர்', 'அது', 'அவர்கள்' என்று எழுதுங்கள். 'கமாண்டெத்', 'ரெய்ஸெத்' இரண்டும் கடவுளுக்கு: கட்டளையிடுகிறார், புயலை எழுப்புகிறார். அடுத்து வரும் 'லிஃப்டெத்' யாருக்கு என்பதில்தான் பலர் பிழை செய்வார்கள்; அலைகளை உயர்த்துவது அங்கே காற்று. வானத்துக்கு ஏறி ஆழத்துக்கு இறங்கும் மாலுமிகளின் வினைகள் 'மவுண்ட்', 'கோ' என்று மொட்டையாக நிற்கும், பன்மை. 'பிரிங்கெத்', 'மேக்கெத்' மீண்டும் கடவுளுக்கு. முப்பதாம் வசனத்தில் 'தே பி கொயட்' என்று ஒரு 'பி' வரும். அதை வியங்கோள் என்று எழுதிவிடாதீர்கள். 'ஆர்' என்ற பொருளில் பன்மைக்கு அந்தக் காலத்தில் வழங்கிய வடிவம் அது. 'அவர்கள் அமைதியாக இருக்கிறார்கள்'.